அத்தைக்கு மீசை முளைத்தால்

விகோ துறைமுகச் சந்தையில் மீன் விற்கும்
ஒப்தூலியாவுக்கு ஐம்பத்தெட்டு வயது.
முப்பத்தோரு வருடம்
விடியுமுன் நாலு மணிக்குக்
குளியலறைப் பல்பின் கீழே மோவாயை உயர்த்தி
ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள்.
ஒருநாள் ஐஸில் வழுக்கி விழுந்தாள்.
வலது மணிக்கட்டில் ஆறு வாரம் மாவுக்கட்டு.
இடது கைக்கு இடுக்கி பிடிபடவில்லை.
கட்டைப் பிரித்தார்கள்.
தாடி தங்கிவிட்டது.

அண்ணன் மகன் பிரெய்ஷோ
மேட்டுத் தெருவில் கடை வைத்திருக்கிறான்.
சுவர் முழுக்கத் தைலம், களிம்பு, மெழுகு.
டப்பாக்களின் மேல் கோடரி, மான்கொம்பு,
நங்கூரம், சுருட்டு பிடிக்கும் ஒரு கரடி.
மீன் வராத திங்கட்கிழமை
ரப்பர் பூட்ஸைக் கழற்றிவிட்டு
கல்யாணங்களுக்குப் போடும் ஷூவில் ஏறிப் போனாள்.
மாமாவுக்கா என்று கேட்க வாயெடுத்தான்.
மாமா என்று ஒருவர் எப்போதுமே இருந்ததில்லை
என்பது பாதியில் ஞாபகம் வந்தது.
"எனக்குத்தான். உப்புக்காற்றில் முள்ளாகிவிடுகிறது.
அடியில் தோல் உரிகிறது."

அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா
என்று என் மொழியில் ஒரு நக்கல் உண்டு.
முளைத்தே விட்டது.
பிரெய்ஷோ எழுந்து
அத்தைக்கு நாற்காலி போட்டான்.

முதலில் தைலம்: சந்தனம், தேவதாரு.
மோந்து பார்த்துத் திருப்பிக் கொடுத்தாள்.
"நான் கணவாய். இது காடு.
இரண்டும் என் மூக்குக்குக் கீழேயே அடித்துக்கொள்ளும்."
அடுத்தது புகையிலை, விஸ்கி, பழைய தோல்.
"இந்த ஆண்கள் குளிப்பதே இல்லையா?"

வாசனையில்லாத ஒன்று
கீழ்த்தட்டின் மூலையில் தூசியோடு கிடந்தது.
தேன்மெழுகு, பாதாம் எண்ணெய்,
மூடியில் படம் எதுவும் கிடையாது.
படம் இல்லாதது பிடித்திருந்தது அவளுக்கு.

பயறளவு சுரண்டி
உள்ளங்கைகளில் உருக்கச் சொன்னான்.
ஐஸ் பிளந்த கைகள்.
தாடிக்குப் போகுமுன்
வெடிப்புகளே பாதியைக் குடித்துவிட்டன.
இன்னொரு பயறு.
நரைத்தது கொஞ்சம், கறுத்தது நிறைய,
இடப்பக்கம் செம்பட்டையாய் ஒன்றே ஒன்று.
அது அப்பாவுடையது என்றாள்,
வீட்டுச் சாவியைக் காட்டுவது போல.

பன்றிமயிர்த் தூரிகையைக் கையில் கொடுத்ததும்
கீழிருந்து மேலே இழுத்தாள்.
வாலிலிருந்து தலைக்குச் செதில் எடுத்துப் பழகிய கை.
"எதிர்ப்போக்கில் வேண்டாம், அத்தை.
வளர்ந்த திசையிலேயே."
தூரிகையைச் சற்றுநேரம் பார்த்தாள்.
"ஒரு மீனிடமும் நான் இதைச் சொன்னதில்லை."

முனையை முறுக்க மெழுகும் காட்டினான்.
எடை போட எனக்கு இரண்டு கையும் வேண்டும்,
முறுக்கிக்கொண்டு நிற்க நேரம் எங்கே என்றாள்.

பதினாலு யூரோ.
இந்தக் காசுக்கு மூன்று கிலோ மத்தி, என்றாள்.
அவன் குறைக்கவில்லை.
குறைத்திருந்தால் கோபித்திருப்பாள்.

செவ்வாய்க்கிழமை.
தராசுக்குப் பக்கத்தில் டப்பா.
ஒரு சிறுவன் அவள் முகத்தை நோக்கி விரல் நீட்டினான்.
அவன் அம்மா அந்த விரலை மடக்கிப் பிடித்தபடி
கொடுவா என்ன விலை என்றாள்.
படகுக்காரன் ஒருவன் ஏதோ சொன்னான்.
அவனுக்கு எண்பது கிராம் குறைவாய் விழுந்தது.

பத்து மணிக்கு எர்மீதாஸ் வந்தாள்,
ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர்.
ஜூலையிலும் மோவாய் வரை கழுத்துத்துணி.
சிப்பி ஒரு கிலோ வாங்கினாள்,
சில்லறையை எண்ணினாள், மறுபடி எண்ணினாள்.
போகவில்லை.
தராசுக்கு மேலே குனிந்து
ஐஸுக்கே கேட்காத குரலில்:
"அது எந்தக் கடை?"

மீன் சுற்றும் காகிதத்தில் ஓரம் கிழித்து
ஒப்தூலியா தெருவின் பெயரை எழுதினாள்.
ஈரத்தில் மை ஊறிப் பரவியது.
வேறு துண்டு கிழித்துப் பெரிதாக எழுதினாள்.
"கீழ்த்தட்டு. வாசனையில்லாதது என்று கேள்.
திங்கட்கிழமை போகாதே, அன்றைக்கு நான் இருப்பேன்."

சிப்பிப் பையை முடிச்சுப் போட்டு நீட்டியவள்
பையை விடவில்லை.

"இல்லை. திங்கட்கிழமையே வா."